வண்டி முடிச்சூர், பேரு இங்கிலாந்து

ஒரு காரைக் கையால் செய்வதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று உண்டு. அதை நாம்தான் செய்தோம் என்று அடுத்தவரை நம்ப வைப்பது.

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் வழியில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. முன்னே ஃபைபரில் பாத்ரூம் கதவு செய்துகொண்டிருந்தேன். இப்போது அதே ஃபைபரில் பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறேன். ஓடி ஓய்ந்த குடும்பக் கார் ஒன்றை வாங்கி, மேல்தோலை உரித்துவிட்டு, அடிச்சட்டத்தையும் என்ஜினையும் வைத்துக்கொண்டு, அதன் மேல் அறுபது வருஷத்துக்கு முந்தைய இரண்டு சீட் திறந்த வண்டியின் உடம்பை ஏற்றுவோம். உடம்பு என் வேலை. என்ஜின் என் மச்சான் எட்வின் பொறுப்பு. சீட் தைப்பது அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி ஸ்டெல்லா. மூன்றே பேர் கம்பெனி.

அசல் வண்டியைச் செய்தது இங்கிலாந்தில் ஒரு கம்பெனி. பேரைச் சொல்லமாட்டேன். வக்கீல் நோட்டீஸ் வந்தால் படித்துப் புரிந்துகொள்ள என் இங்கிலீஷ் பத்தாது. அவர்கள் சின்னத்தை நாங்கள் ஒட்டுவதும் இல்லை. சின்னம் வேண்டும் என்கிறவர் தானே மாட்டிக்கொள்ள, வண்டியின் மூக்கில் இரண்டு திருகு ஓட்டை மட்டும் விட்டுக் கொடுப்போம். நீங்கள் டைலராகவோ, ஊறுகாய் போடுகிறவராகவோ, வீட்டில் கேக் செய்து விற்கிறவராகவோ இருந்தால், அந்த இரண்டு ஓட்டைக்குள் எத்தனை பாடு இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பூ வைத்து வந்த பேட்ஜ்

எங்களிடம் முதன்முதலில் வண்டி செய்யச் சொன்னவர் சேலையூர் வரதராஜன் சார். பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். காலேஜ் படிக்கும்போது மவுண்ட் ரோட்டில் இந்த வண்டியை ஒரே ஒரு தடவை பார்த்தாராம். ஆறு மாதமும் வாரம் தவறாமல் வந்தார். கதவின் வளைவைத் தடவிப் பார்ப்பார், ஸ்கேல் வைத்து அளப்பார், தலையை ஆட்டுவார். வண்டி முடிந்து வெயிலில் நிறுத்தியபோது சுற்றிச் சுற்றி வந்தவருக்கு, சின்னம் இல்லாத மூக்கைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "எல்லாம் இருக்கு ஜேம்ஸ். ஆனா இது இன்னும் அந்த வண்டி இல்லை" என்றார். ஆறு மாத உழைப்பையும் அந்த இரண்டு ஓட்டை விழுங்கிவிட்டது.

அடுத்த வாரம் மனைவியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மாமியின் கையில் தாம்பாளம், அதில் பூ, குங்குமம், நடுவில் ஒரு வெல்வெட் டப்பா. சின்னத்தை ஆன்லைனில் வரவழைத்திருக்கிறார். வண்டிக்குப் போடாத பூஜையை அதற்குப் போட்டு, கற்பூரம் காட்டி, என்னிடம் நீட்டினார். எட்வின்தான் வாங்கித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர். அம்பத்தூரில் ஒரு சந்து பேர், கதவு எண்ணோடு. "சார், இது நம்ம ஃப்ரெண்டு வேலை செய்யற பட்டறை சார். லாரிக்கு நம்பர் பிளேட் அடிப்பாங்க" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டான். நான் அவன் காலை மிதிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. சார் வெறும் டப்பாவை மூடினார். மாமிதான் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வண்டியும் இந்த ஊரு, பேட்ஜும் இந்த ஊரு. இனிமே வெளிநாடுன்னு சொல்லிக்க உங்க வாய் ஒண்ணுதான் பாக்கி."

எதைக் கேட்பது

பெயின்ட் காய்ந்த ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க ஜி.எஸ்.டி. ரோட்டில் போனோம். இரும்புலியூர் பக்கம் ஒரு டிராஃபிக் ஏட்டு கை காட்டி நிறுத்தினார். உடம்பை மாற்றியதற்கு வாங்கிய அனுமதியிலிருந்து இன்ஷூரன்ஸ் வரை எல்லாக் காகிதமும் கொடுத்தேன். ஆர்.சி. புத்தகத்தைப் படித்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடி புத்தகம், மறுபடி வண்டி. புத்தகத்தில் இருந்த கம்பெனிக்கும் எதிரே நிற்பதற்கும் அவரால் உறவு கண்டுபிடிக்க முடியவில்லை. "எந்த ஊரு வண்டி இது?" என்றார். "முடிச்சூர் சார்" என்றேன். "வண்டியக் கேட்டா வூட்டு அட்ரஸ் சொல்ற?" என்றார்.

கால் மணி நேரம் விளக்கினேன். கடைசியில் புரிந்தது. காகிதங்களை மடித்துக் கொடுத்தவர் அப்படியே யோசனையாக நின்றார். தலைக்கு மேல் கூரை இல்லை, கதவு முட்டிக்கால் உயரம், உட்கார்ந்தால் தரை நம்மை உரசுகிறது. "பேப்பர் எல்லாம் கரெக்டாதான் கீது. உன்கிட்ட சீட் பெல்ட் கேக்கணுமா, ஹெல்மெட் கேக்கணுமா, அதான் தெரியல."

மாப்பிள்ளை அழைப்பு

எங்கள் சொந்த வண்டி ஒன்றைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். வண்டலூரில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், சாதுவான மனுஷன். சம்பந்தி வீட்டார் கொஞ்சம் பெரிய இடம் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு உதறல். "லண்டன் வண்டி சொல்லியிருக்கேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். எங்களிடம் கேட்டிருந்தால் அப்படிச் சொல்ல வேண்டாம் என்றிருப்போம். கேட்கவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கோயிலிலிருந்து மண்டபத்துக்குக் கிளம்பினோம். ஓட்டியது எட்வின், நான் கூடவே நடந்தேன். பாதி வழியில் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. பேண்டு வாத்தியக்காரர்கள் திரும்பிப் பார்க்காமல் வாசித்துக்கொண்டே போய்விட்டார்கள். பானெட்டைத் திறந்தோம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எட்டிப் பார்த்தார். ஊருக்கே கேட்கிற குரலில், "இன்னா தலைவா, வெளிய வெள்ளக்காரன், உள்ள நம்ம ஸ்கூல் வேன் என்ஜின் கீது!" என்றார். மாப்பிள்ளையின் பெரியப்பா பெண் வீட்டுக்காரரை மெதுவாக ஏற இறங்கப் பார்த்தார். "லண்டன்னு சொன்னீங்களே?" அந்த மனுஷன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குற்றம் எங்கள் பெட்ரோல் பம்ப்பினுடையது. அவமானம் அவருக்கு.

அதற்குள் ஆட்டோக்காரர் தன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழைய பம்ப்பை எடுத்து நீட்டினார். எங்கள் என்ஜினுக்கும் அதே அளவு. எட்வின் பத்து நிமிஷத்தில் மாட்டினான். வண்டி உறுமியதும் மாப்பிள்ளை கதவைத் திறந்து இறங்கினார். போச்சு, நடந்தே போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, பெரியப்பாவுக்கும் கேட்கும்படி சொன்னார்: "நல்ல வேளை மாமா. நெஜமாவே லண்டன் வண்டியா இருந்திருந்தா, சாமான் வர்ற வரைக்கும் முகூர்த்தத்தைத் தள்ளி வச்சிருக்கணும்."

லைக் போயிடும்

பொத்தேரியில் காலேஜ் விழாவுக்கு வண்டியை நிறுத்தியிருந்தோம். பிள்ளைகள் வரிசை கட்டி நின்று வீடியோ எடுத்தார்கள். ஒரு பெண் மட்டும் கீழே குனிந்து பார்த்து, பெயின்ட்டைத் தடவி, "அண்ணா, இது எந்தக் கம்பெனி?" என்று கேட்டாள். இத்தனை நாளில் ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆள் என்று எனக்குப் பூரிப்பு. ரெசின் கலந்ததிலிருந்து உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது வரை எல்லாம் சொன்னேன். கண் இமைக்காமல் கேட்டாள். கை கொடுத்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள். "சூப்பர் அண்ணா, உண்மையாவே பெரிய விஷயம். ஆனா வீடியோல நான் எதுவும் எழுதாம விட்டுடறேன், முடிச்சூர்னு போட்டா லைக் போயிடும்."

போர்வைக்குள் இருந்த ஒரிஜினல்

நீலாங்கரையில் ஒரு தொழிலதிபர். அவரிடம் அந்த இங்கிலாந்துக் கம்பெனியின் அசல் வண்டியே இருக்கிறது, அப்பா காலத்துச் சொத்து. என்னை வீட்டுக்கு வரச்சொல்லி, போர்வையை விலக்கிக் காட்டினார். இத்தனை வருஷம் போட்டோவில் பார்த்துச் செய்ததை நேரில் பார்க்கிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தொட மனசு வரவில்லை. "இதே மாதிரி, இதே கலர்ல ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றார். எதற்கு சார், அசலே இருக்கும்போது என்றேன். கடற்காற்று பட்டால் துரு, ரோட்டில் எடுத்தால் கீறல், நிறுத்தினால் குழந்தைகள் ஏறி உட்காரும், பயத்தில் அதை எடுப்பதே இல்லையாம். எங்களுடையதை ஓட்டிக்கொண்டு, அதை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பாராம்.

செய்து கொடுத்தோம். தினமும் அதில்தான் கிளப்புக்குப் போனார். அங்கே என்ன சொல்லிக்கொண்டார் என்பது அவர் பாடு. சில மாதம் கழித்து போன் வந்தது. அமெரிக்காவிலிருந்து அவருடைய மைத்துனர் வந்திருக்கிறார். கார் விஷயத்தில் புலி என்று பேர் எடுத்தவர். இவர் இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எது அசல் சொல்லுங்கள் பார்க்கலாம் என்றாராம். மைத்துனர் கதவைச் சாத்திப் பார்த்திருக்கிறார், பெயின்ட்டில் முகம் பார்த்திருக்கிறார், என்ஜினைப் போட்டிருக்கிறார். அசல் வண்டி புகை கக்கியிருக்கிறது, கதவு இரண்டாம் தடவைதான் சாத்தியிருக்கிறது. "இதை உங்கப்பா தலையில யாரோ கட்டிட்டாங்க" என்று போர்வை வண்டியைக் காட்டிச் சொல்லிவிட்டாராம். என்ன சொல்லியும் நம்பவில்லையாம். இதை எல்லாம் சொல்லிவிட்டு நீலாங்கரைக்காரர் என்னிடம் ரொம்ப வருத்தமாகக் கேட்டார்: "ஏன் ஜேம்ஸ், கொஞ்சம் சுமாரா செஞ்சிருக்கக் கூடாதா?"

போன வெள்ளிக்கிழமை

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒரு மழையில் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. முடிச்சூர்க்காரர்களுக்கு அது புதிதில்லை. ஆனால் அந்தத் தடவை, வண்டி உடம்பை ஃபைபரில் வார்க்கிற இரண்டு அச்சுகள் பிளந்து போயின. அச்சு போனால் ஒரு வருஷ வேலை போன மாதிரி. நல்ல வேளையாக முடிகிற நிலையில் இருந்த ஒரு வண்டி மேடையில் இருந்ததால் தப்பியது. அந்தச் சமயம் பார்த்து பாஸ்கர் என்று ஒரு புரோக்கர் வந்தார். வண்டியைப் பார்த்தார். நீலகிரியில் ஒரு டீ எஸ்டேட், வெள்ளைக்காரன் விட்டுப்போன வண்டி, ஷெட்டில் கிடந்து எடுத்தது என்று ஒரு கதையைக் கோத்துவிட்டார். எங்கள் விலைக்கு நாலு மடங்கு வாங்கித் தருவாராம். "நீங்க பொய்யே சொல்ல வேணாம் ஜேம்ஸ். சும்மா நின்னா போதும். பேசறது என் வேலை" என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடம் மட்டும் சொல்லாமல் விட்டேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரியும், அதனால்தான்.

வாங்க வந்தவர் ஒரு டாக்டரம்மா. எழுபதைத் தொட்டவர், சேலையோடு பூட்ஸ் போட்டிருந்தார், பட்டறைச் சேற்றுக்காக. பாஸ்கர் எஸ்டேட், வெள்ளைக்காரன், மூடுபனி என்று பேசிக்கொண்டே போனார். நான் துணியை வைத்து ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கதவைத் திறந்து உட்கார்ந்தார். சீட்டின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தார். தையல் போட்டுப் பழகிய கை அது, உடனே பிடித்துவிட்டது. "என்ன அழகா தைச்சிருக்காங்க! எத்தனை வருஷமா இப்படியே இருக்கு?" என்று கேட்டார். மூலையில் மிஷின் சத்தத்தில் பாஸ்கரின் கதை காதில் விழாத ஸ்டெல்லா, அப்போதுதான் அதை நிறுத்தி நிமிர்ந்து, பாராட்டு தனக்குத்தான் என்ற சந்தோஷத்தில், "போன வெள்ளிக்கிழமையிலேருந்து, டாக்டர்" என்றாள்.

பாஸ்கர் சிரித்துச் சமாளித்தார். சீட் மட்டும் மாற்றினோம், மற்றதெல்லாம் பழசு என்றார். டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க." ஸ்டெல்லாவும் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. பட்டறையில் தண்ணீர் நின்ற கறை சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு அப்படியே இருந்தது. அதைப் பார்த்தேன், பிளந்து கிடந்த அச்சுகளைப் பார்த்தேன். சும்மா நிற்பது இத்தனை கஷ்டம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. "எல்லாமே இங்க செஞ்சது டாக்டர்" என்றேன். "உடம்பு நான், என்ஜின் மச்சான், சீட்டு இவ. பெயின்ட் இன்னும் புதுசு, இந்தப் புதன்கிழமைதான் அடிச்சது." பாஸ்கர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, என்னை ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டரம்மா இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்கள் விலை என்னவென்று கேட்டார். சொன்னேன். வாங்கிக்கொள்கிறேன் என்றார். மூக்கில் இருந்த இரண்டு ஓட்டையைக் காட்டி அது எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "செஞ்சவங்க பேரை வைங்க. வேற எவன் பேரும் எனக்கு வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய வண்டி என்று நம்பி வந்தீர்கள், உங்களுக்கு ஏமாற்றமாக இல்லையா டாக்டர் என்றேன். "என் வயசுக்கு நானும் பழசு, வண்டியும் பழசுன்னா, வழியில நின்னுட்டா யாரு இறங்கி யாரைத் தள்ளறது?"

ஜேம்சும் ஜாம்சும்

ஸ்டெல்லா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பித்தளையில் ஒரு சின்னத் தகட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். 'ஜேம்ஸ் ஃபைபர், முடிச்சூர்.' அதிலிருந்து எல்லா வண்டியிலும் அதுதான். டாக்டரம்மா அந்த வண்டியில் சேலையூர், கேம்ப் ரோடு என்று சுற்றியதில் விஷயம் பரவியது. வரதராஜன் சார்கூட வெல்வெட் டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு வந்து எங்கள் தகட்டை மாட்டிக்கொண்டு போனார். என் தலைகீழ் உலகம் ஒரு வழியாக நேரானது என்று நினைத்தேன்.

போன மாதம் ஒருவர் ஆத்திரமாக வந்து இறங்கினார். கையில் ஒரு பக்கக் கண்ணாடி. வண்டியிலிருந்து விழுந்துவிட்டதாம். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தேன். கோணல் மூக்கு, பெயின்ட்டில் தோசை மாதிரி புள்ளி, கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் விரல் போகிற இடைவெளி. நான் செய்த வண்டியே இல்லை. மூக்கில் தகடு மட்டும் பளபளவென்று இருந்தது. கிட்டே போய்ப் படித்தேன். 'ஜாம்ஸ் ஃபைபர், முடிச்சூர்.' படப்பை தாண்டி யாரோ ஒருவன் செய்து விற்கிறானாம். எனக்கு வந்த கோபத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டது. "என் பேரைத் திருடியிருக்கான்!" என்று கத்தினேன். எட்வின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். ஸ்டெல்லா மிஷினை நிறுத்திவிட்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். ஊரான் வண்டியைப் பார்த்துச் செய்கிறவன் இப்படிக் கத்தினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

கண்ணாடியை நானே மாட்டிக் கொடுத்தேன், கதவையும் கொஞ்சம் நேராக்கினேன். மாட்டும்போதே அவருக்கு விளக்கினேன்: இது என் வண்டி இல்லை சார், எழுத்தைப் பாருங்கள், வளைவைப் பாருங்கள், செய்தவன் வேறு. பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "யாரு செஞ்சா எனக்கின்னா சார், உங்க பேரு இருக்குன்னுதானே வாங்குனேன்!"

பேர் இல்லாதவரை நல்ல வண்டியைச் செய்துவிட்டுப் பேருக்காக ஏங்கினேன், பேர் வந்தபிறகு கண்டவன் செய்த வண்டிக்கெல்லாம் கண்ணாடி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.